ஆமை சாப்பிடவில்லையா? இன்றே கவனியுங்கள்!

ஜோனதனை உலகமே அறியும். தென் அட்லாண்டிக் கடலின் நடுவே, நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு இறந்த செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் மாளிகைப் புல்வெளியில் மேயும் ராட்சத ஆமை அது. 1882-இல் செஷெல்ஸ் தீவுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததால், 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆமை இனத்திலேயே மிக அதிக வயது வாழ்ந்தது என்று 2022-இல் கின்னஸும் பதிவு செய்தது.

அந்த ஜோனதன் சில ஆண்டுகளுக்கு முன் மெள்ள மெள்ளத் தேய்ந்துகொண்டிருந்தது. உடம்பில் புண் இல்லை, ரத்தம் இல்லை. மெலிந்திருந்தது, அவ்வளவுதான். கண்புரையில் பார்வை போய்விட்டது, மோப்பமும் இல்லை. புல் எது, சருகு எது என்று தெரியாமல் மண்ணோடு சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தது. புல்லை நறுக்க வேண்டிய அலகின் விளிம்பு மழுங்கி உதிர்ந்துகொண்டிருந்தது. 'வயசாயிடுச்சு' என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தீவின் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் விடவில்லை. வாரம் ஒரு முறை கேரட், வெள்ளரி, ஆப்பிள், கொய்யா, வாழைப்பழம் என்று வாளியில் எடுத்துப்போய்க் கையால் ஊட்ட ஆரம்பித்தார். உடம்பில் சத்து சேரச் சேர எடை ஏறியது. மழுங்கியிருந்த அலகும் மறுபடி கூர்மையாக வளர்ந்தது. அவர் குரலைக் கேட்டதும் தலையை நீட்டும் அளவுக்கு அது தேறிவிட்டது.

ஹாலின்ஸ் முதலில் செய்தது வைத்தியம் அல்ல. முதுமை என்று தோன்றியதை அவர் நோய் என்று பார்த்தார். ஆமை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டியது அந்தப் பார்வைதான். மெதுவாக நகர்வது, அசையாமல் கிடப்பது, நாள்கணக்கில் பட்டினி இருப்பது – ஆமை என்றால் இப்படித்தான் என்று நாம் நினைத்திருக்கிறோம். நோயுற்ற ஆமையும் இதையேதான் செய்யும். காட்டில் பலவீனம் தெரிந்துவிட்டால் நரியோ பருந்தோ முடித்துவிடும் என்பதால், கடைசி வரை நோயை வெளிக்காட்டாமல் இருக்கவே அதன் உடம்பு பழகியிருக்கிறது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஆமைக்கு வாரங்கள் ஆகும், சமயத்தில் மாதங்கள். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும்போது நோய் முற்றியிருப்பது இதனால்தான்.

உங்களிடம் இருப்பது எந்த ஆமை?

வைத்தியத்துக்கு முன் சட்டம். முதுகில் நட்சத்திரக் கோலம் போட்ட நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது; 2019-இல் சைட்ஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையும் அதைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தி, வணிகத்தை முற்றிலும் தடை செய்துவிட்டது. நம் ஏரி குளங்களில் பிடிபடும் பாலாமைக்கும் அந்த 1972 சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதிர்ஷ்டம் வரும் என்று நம்பி இவற்றை வாங்கியவர்கள், உடம்புக்கு ஏதாவது வந்ததும் மருத்துவரிடம் போகவே பயந்து வீட்டுக்குள் வைத்துச் சாகவிடுகிறார்கள். மனதை மிகவும் உறுத்துகிற விஷயம் இது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவதுதான் அந்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம்.

நம் ஊர் மீன் கடைகளில் ஆமைக்குட்டி என்று விற்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி நதிப் பகுதியைச் சேர்ந்த ரெட் இயர்டு ஸ்லைடர். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டளவு ஆகும், இருபது முப்பது ஆண்டு வாழும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நிலத்தில் வாழும் ஆப்பிரிக்க சல்காட்டா ஆமையையும் இப்போது சிலர் வளர்க்கிறார்கள். அது சைட்ஸ் பட்டியலில் உள்ள இனம் என்பதால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தண்ணீரில் வாழ்வதற்கும் தரையில் வாழ்வதற்கும் உணவும் இருப்பிடமும் வேறு வேறு. நோய் காட்டும் விதம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் மருந்து சூடு

ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் உடம்பும். பசி, செரிமானம், புண் ஆறுவது, கிருமியை எதிர்ப்பது எல்லாமே அந்தச் சூட்டைப் பொறுத்தவை. ஏசி அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கும் ஆமைக்கு நீங்கள் எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் வயிற்றில் அது செரிக்காமல் கிடந்து கெட்டுப்போகும்.

நமக்குக் கிருமி தொற்றினால் காய்ச்சல் வருகிறது. ஊர்வன காய்ச்சலைத் தேடிப் போகின்றன. 1970-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் குழுவினர் இதைப் பாலைவன ஓணான்களில் ஆராய்ந்தார்கள். கிருமி செலுத்தப்பட்ட ஓணான்கள் வழக்கத்தைவிடச் சூடான இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தன. 1975-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான முடிவு இன்னும் அழுத்தமானது: நோயுற்ற ஓணான்களில் 34 டிகிரியில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் இறந்தன, 40, 42 டிகிரியில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பிழைத்தன. அந்தச் சோதனையில் பயன்பட்ட ஏரோமோனாஸ் என்னும் கிருமி, ஆமைத் தொட்டியின் அழுக்குத் தண்ணீரிலும் சாதாரணமாக வளரக்கூடியது. வெயிலோ விளக்கோ இல்லாத தொட்டியில் அடைபட்ட ஆமைக்குத் தன் காய்ச்சலைத் தேடிக்கொள்ளும் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம்.

ஸ்லைடருக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம். அது ஏறி உட்காரும் மேடு 30-லிருந்து 33 டிகிரி வரை இருக்க வேண்டும், அங்கே உடம்பு முழுக்கக் காய வேண்டும். சல்காட்டாவுக்கு வெயில் காயும் இடம் 35 டிகிரி தேவை. சென்னையில் இதற்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் வெயிலே வராதபோதும், மார்கழி இரவுகளிலும்தான் இங்கே ஆமைகளுக்குச் சளி பிடிக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வளர்ப்பவர்களுக்கு ஆண்டு முழுதும் இந்தக் கவலை உண்டு. நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று தொட்டியில் இருந்தால் பாதி நோய்களின் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கமும் ஆபத்தானதே. வெயில் காட்டுகிறோம் என்று சித்திரை மாதத்தில் கண்ணாடித் தொட்டியோடு பால்கனியில் வைத்துவிட்டு சமையலைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் உள்ளே சூடேறி ஆமை இறந்துகூடப் போகும். பாதி நிழல் இருக்கும் இடத்தில், அகலமான டப்பில் வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். காகமும் பூனையும் வேறு காத்திருக்கும்.

வெயில் சூட்டுக்கு மட்டுமல்ல. அதிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் உண்ணும் கால்சியம் எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடுகிறது. வரவேற்பறைக் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் ஆமை நாள் முழுக்கக் கிடந்தாலும் எலும்புக்குப் பயனில்லை. வெயிலுக்கு வழியில்லாத அடுக்குமாடி வீட்டில் அதே கதிரைத் தரும் யூவிபி பல்ப் தேவைப்படும். அது எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் கதிரின் வீரியம் குறைந்துபோகும் என்பதால் காலத்தோடு மாற்ற வேண்டும்.

கையில் எடுத்துப் பாருங்கள்

வாரம் ஒரு நாள், ஐந்து நிமிடம். ஆமையை இரண்டு கையாலும் ஓட்டின் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்துக்கு எடுத்து வாருங்கள்.

ஆரோக்கியமான ஆமை கையில் கனக்கும். கால்களை உதைத்துத் திமிறும். பின்காலை மெதுவாக இழுத்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் தொளதொளவென்று தொங்கினாலோ, தொட்டும் தலையை இழுக்கவில்லை என்றாலோ அது சாதுவாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், பலம் போயிருக்கிறது.

கண் இரண்டும் முழுக்கத் திறந்து ஈரப்பளபளப்போடு இருக்க வேண்டும். கண் உள்ளே குழிந்திருந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. மூக்குத் துவாரங்களை உற்றுப் பாருங்கள், உலர்ந்திருக்க வேண்டும். மூச்சு விடும்போது அங்கே சின்னக் குமிழி தோன்றி உடைந்தால், காய்ந்த சளி ஒட்டியிருந்தால், வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கினால், 'கீச்' என்றோ விசில் போலவோ சத்தம் வந்தால், அது நுரையீரல் விவகாரம், தள்ளிப்போடக் கூடாது. வாய்க்குள் இளஞ்சிவப்பு நிறம்தான் இயல்பு. மஞ்சளாக, தயிர்த்திட்டாகப் படிந்திருந்தால் வாய்ப்புண்.

காது இருக்கும் இடம், அதாவது கண்ணுக்குப் பின்னால் தட்டையாக உள்ள வட்டம், வீங்கிப் புடைத்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆமையின் சீழ் நமக்கு வருவதுபோல் நீர்த்து ஓடாது. பன்னீர்த் துண்டு போல இறுகிவிடும். மாத்திரையால் கரையாது. மருத்துவர் கீறி மொத்தமாக வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு ஓடு. அது உயிரில்லாத மூடி அல்ல. விலா எலும்பும் முதுகெலும்பும் அதோடு ஒன்றாகப் பிணைந்தவை. ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உண்டு. தட்டினால் அதற்குத் தெரியும், உடைந்தால் வலிக்கும். குட்டியின் ஓடு கொஞ்சம் நெகிழும். வளர்ந்த ஆமையின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் கால்சியமும் வெயிலும் போதவில்லை. ஸ்லைடரின் ஓட்டிலிருந்து கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய ஏடு உரிவது வளர்ச்சிதான், பயம் வேண்டாம். குழி விழுந்து, வெள்ளையாக மாவு படிந்து, நாற்றம் வீசினால் ஓடு அழுகுகிறது. வயிற்றுப்பக்க ஓட்டில் ரத்தம் கட்டியதுபோல் செக்கச்செவேல் என்று படர்ந்திருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாகச் சமையலறைத் தராசு. டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து எடை போட்டு, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஓடு இருப்பதால் ஆமை மெலிவது நம் கண்ணுக்குத் தெரியாது. நானூறு கிராம் இருந்தது முந்நூற்று அறுபதாகிவிட்டதைத் தராசுதான் சொல்லும். பத்து சதவீதம் குறைந்தால் மற்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூடிய கண்கள்

எங்கள் குடியிருப்பில் மேல்மாடி அக்கா ஒருநாள் பிளாஸ்டிக் டப்போடு வந்தார். உள்ளே கையகல ஸ்லைடர்.

"தூங்கிட்டே இருக்கு தம்பி. கண்ணையே திறக்க மாட்டேங்குது."

"எத்தனை நாளாக்கா?"

"பையன் பரீட்சைக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான். குளிருதோன்னு விட்டுட்டோம்."

அது தூங்கவில்லை. இமைகள் இரண்டும் உப்பி, கண் இருக்கும் இடமே தெரியாமல் மூடியிருந்தன. முன்காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூக்கின் முன் இறாலைக் காட்டினால் வாயைத் திறக்க முயன்று, இடம் தவறி, தண்ணீரைக் கடித்தது. என்ன தீனி என்று கேட்டேன். கடையில் சொன்ன காய்ந்த இறால்தான், இரண்டு ஆண்டாக, அது மட்டும்.

மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: வைட்டமின் ஏ குறைபாடு. வீட்டு ஸ்லைடர்களில் இது மிகச் சாதாரணம். இந்தச் சத்து இல்லாதபோது கண், மூக்கு, நுரையீரல் இவற்றின் உட்பூச்சு தடித்துக் காய்ந்துவிடுகிறது. இமைக்குள் கழிவு சேர்ந்து கண் மூடிக்கொள்ளும். ஸ்லைடர் கண்ணால் பார்த்து உண்ணும் பிராணி. பார்வை போனால் பட்டினி, பட்டினியால் சத்துக் குறைவு இன்னும் அதிகம். அக்கா இணையத்தில் படித்துவிட்டு, "ஏ வைட்டமின் ஊசி ஒண்ணு போட்டுடலாமா டாக்டர்?" என்று கேட்டார். அவர் அவசரப்படவில்லை. அளவு கொஞ்சம் கூடினாலும் தோல் பாளம் பாளமாக உரிந்துவிடும் என்றார். இமைக்குள் இருந்ததைச் சுத்தம் செய்து, சொட்டுமருந்து கொடுத்து, தொட்டியின் சூட்டைச் சரிசெய்யச் சொல்லி, குழாய் வழியாகக் கொஞ்ச நாள் உணவு கொடுத்தார். கண் திறக்க வாரங்கள் ஆயின. இப்போது அதன் தட்டில் துருவிய கேரட், பூசணி, கீரை, எப்போதாவது ஒரு துண்டு ஈரல், நல்ல ஆமைத் தீனி எல்லாம் இருக்கின்றன.

சல்காட்டா போன்ற தரை ஆமைக்கு மாமிசமே வேண்டாம். அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முருங்கைக்கீரை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி – நம் ஊரிலேயே இலவசமாகக் கிடைப்பவை அதற்கு விருந்து. பசலைக்கீரையை மட்டுமே தினமும் போட்டால் அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைத் துண்டாகப் போட்டால், வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். சோறு, பிஸ்கட், பால், பிரெட் எதுவும் எந்த ஆமைக்கும் ஆகாது. முதுகில் மேடு மேடாக ஓடு எழும்புவதற்குப் புரதம்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2003-இல் வியன்னாவில் சல்காட்டாக் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், உலர்ந்த காற்றுதான் பெரிய காரணம் என்று தெரியவந்தது. எழும்பிய மேடு திரும்ப இறங்காது. குட்டியிலேயே ஈரப்பதம் தர வேண்டும்.

சாய்ந்து மிதக்கும் ஆமை

ஸ்லைடர் தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால், முங்க முயன்றும் முடியாமல் மேலே வந்தால், குழந்தைகள் சிரித்து வீடியோ எடுப்பார்கள். அது பெரும்பாலும் நிமோனியா. ஒரு நுரையீரலில் நீர் கோத்து அந்தப் பக்கம் கனத்துவிடுகிறது. குடலில் வாயு சேர்ந்தாலும் இப்படி ஆகலாம்; எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானத் தசை கிடையாது. கால் பக்கத்துத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. சளி சேர்ந்தால் இருமித் துப்ப வழியில்லை. நமக்கு ஒரு வாரத்தில் போகும் சளி ஆமையை மாதக்கணக்கில் படுக்கவைப்பதும், சமயத்தில் கொன்றுவிடுவதும் இதனால்தான். மருந்தும் மெதுவாகவே வேலை செய்யும். சில ஆன்டிபயாடிக் ஊசிகளை மூன்று நாளுக்கு ஒரு முறைதான் போடுவார்கள், ஏனென்றால் அந்த மந்தமான உடம்பில் மருந்து அவ்வளவு நேரம் தங்கும். இரண்டு ஊசியில் குணம் தெரியவில்லை என்று மருத்துவரை மாற்ற வேண்டாம்.

பெண் ஆமைக்கு இன்னொரு சங்கடம். ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை உருவாகும். தண்ணீரும் கண்ணாடியும் மட்டுமே உள்ள தொட்டியில் அதற்கு முட்டையிட இடமில்லை. சாப்பாட்டை நிறுத்தி, ஓயாமல் சுற்றி, பின்காலால் தரையைப் பறித்துக்கொண்டே இருந்தால் ஈரமணல் நிரப்பிய பெட்டியில் விடுங்கள். அப்படியும் முக்கிக்கொண்டே இருந்தால் எக்ஸ்ரே அவசியம்.

வாலடியில் சதை வெளியே தள்ளித் திரும்பாமல் நின்றால் அது அவசரம். ஆண் ஆமை கருஞ்சிவப்பான உறுப்பை வெளியே நீட்டிச் சில நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொள்வது இயல்பு. இழுக்காமலே இருந்தால் சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, காயவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாய் கடித்து ஓடு உடைந்தாலும் இப்படியே: சலைனால் கழுவி, ஈரத்துணி சுற்றி, தண்ணீரில் விடாமல் எடுத்துப்போக வேண்டும். மஞ்சள், காபித்தூள், ஃபெவிகுவிக் எதையும் அதில் வைத்துவிடாதீர்கள். உடைந்த ஓடு எலும்பு முறிவு; ஒட்டிவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

நோய் என்று சந்தேகம் வந்த நாளில் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. மற்ற ஆமைகளிடமிருந்து பிரித்துத் தனி டப்பில் வையுங்கள். சூட்டை வழக்கத்தைவிட இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி, இரவிலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரை ஆமையாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவு மட்டும் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் உட்கார வையுங்கள். பல ஆமைகள் அப்போதே தலையைக் குனிந்து நெடுநேரம் நீர் குடிக்கும். பட்டினியைவிட நீர்ச்சத்துக் குறைவுதான் அவற்றை முதலில் வீழ்த்துகிறது. பலவீனமான ஸ்லைடரை ஆழமான தண்ணீரில் விட வேண்டாம், தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும்.

வாயைப் பிளந்து உணவைத் திணிக்காதீர்கள். உடம்பு குளிர்ந்தும் வறண்டும் இருக்கையில் போன உணவு செரிக்காது, மூச்சுக்குழலுக்குள்ளும் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: ஐவர்மெக்டின். நாய்க்கு உண்ணிக்கும் மாட்டுக்குப் பூச்சிக்கும் எங்கும் கிடைக்கிற மருந்து. ஆமைக்கு இது விஷம். தசைகள் செயலிழந்து மூச்சு நின்று இறந்துவிடும். 1983-லேயே இதை ஆய்வில் பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் ஆமை பார்த்துப் பழக்கமில்லாத இடங்களில் இன்றும் ஊசி போட நீட்டப்படலாம். யார் எழுதித் தந்தாலும் 'இதில் ஐவர்மெக்டின் இருக்கிறதா?' என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமைக்கு வைத்தியம் செய்து பழகியவர்கள் அல்லர். ஆமைக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஊர்வன பார்ப்பவர் யார் என்று விசாரித்து எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது எடை நோட்டு, தொட்டியின் படம், தரும் தீனியின் பொட்டலம், முடிந்தால் கடைசியாகப் போட்ட எச்சம் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துண்டு விரித்துக் கொண்டுபோனால் போதும். தண்ணீரோடு வாளியில் வேண்டாம்.

ஆமை இறந்துவிட்டது என்ற முடிவுக்கும் அவசரப்படக் கூடாது. அதன் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் அது தாங்கும் நேரம் நம் கணக்கில் அடங்காது. டப்பில் மூழ்கி அசைவற்றுக் கிடந்தால் தலையைக் கீழாகச் சாய்த்து, கால்களை நீட்டி மடக்கி நீரை வடித்துவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி வைத்துப் பார்த்த பிறகே அவர்களே முடிவு சொல்வார்கள்.

கைகழுவலும் கைவிடுதலும்

ஆமை பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. சின்னக் குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். அமெரிக்காவில் குழந்தைகள் வாயில் வைத்துவிடும் அளவுள்ள, நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையை 1975-இல் தடைசெய்தது இதற்காகத்தான். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

நோயும் செலவும் சேர்ந்தால் சிலர் எடுக்கும் முடிவு, ஆமையைக் கோயில் குளத்தில் விட்டுவிடுவது. புண்ணியம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் ரெட் இயர்டு ஸ்லைடர் இருக்கிறது. குளத்து மேட்டில் வெயில் காயும் இடத்தையும் இரையையும் நம் பாலாமையிடமிருந்து அது பறித்துக்கொள்ளும். நோயோடு விட்டால் நோயையும் கொடுக்கும். அமெரிக்காவின் மொஹாவே பாலைவன ஆமைகளிடம் மூக்கொழுகும் நோய் ஒன்று பரவி, அந்த இனம் 1990-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. வீட்டில் வளர்த்து, நோயோடு பாலைவனத்தில் விடப்பட்ட ஆமைகள் அதைப் பரப்பியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி வளர்க்க முடியாது என்ற நிலை உண்மையாகவே வந்தால், வைத்தியத்தை முடித்து, எடை தேறிய பிறகு, வளர்க்கத் தெரிந்த இன்னொருவர் கையில் கொடுங்கள். தொட்டியோடும் பல்போடும் அந்த எடை நோட்டையும் சேர்த்தே கொடுங்கள்.